அசல் பிடி

சுத்தியல் சேர்ப்பதும் ஒரு பொழுதுபோக்காம். ஞாயிறு தவறாமல் என் கணவரும் அவருடைய கூட்டாளிகளும் எங்கள் கூடத்தை அடைத்துக்கொண்டு, பழைய சுத்தியல்களைக் கைக்குழந்தை மாதிரி தடவிக் கொஞ்சுவார்கள். சுவரில் ஒரு ஆணி அடிக்கக் கேட்டால் மட்டும், “இதெல்லாம் அடிக்கிறதுக்கு இல்லடி” என்பார்.

அன்று தன் செல்லச் சுத்தியலை, அந்தக் கூட்டாளிகளில் ஒருவரான வெல்டரிடம் பெருமையாகக் கொடுத்தார். வெல்டர் அதை ஆட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“தலை பழசுதான். பிடியை யாரோ மாத்தியிருக்காங்க. ஓங்கி ஒரு அடி அடிச்சா தலை கழண்டு பறந்துடும்.”

“பறந்துடுமா? பார்த்துடலாமா?”

என் கணவருக்குக் கண்மண் தெரியாத கோபம். சுத்தியலைப் பிடுங்கி, மேசைமேல் இருந்த வெல்டரின் வலது கைமீதே ஓங்கி இறக்கினார். மூன்று விரல்கள் நொறுங்கின. சுத்தியல் தலை இம்மிகூட அசையவில்லை.

“அண்ணி, துணி! சீக்கிரம்!” என்று வெல்டர் அலறினார்.

ஓடிப்போய்த் துணி கொண்டுவந்து, கட்டுப்போடக் குனிந்தேன். வெல்டர் அதை இடது கையால் பிடுங்கி, சுத்தியலின் பிடியைப் பரபரவென்று துடைத்தார்.

“மரத்துல ரத்தம் ஊறிட்டா போகாது அண்ணி. அசல் பிடியாச்சே!”