தலைகீழ்த் திரை

முட்டை பொரிக்க அக்காவுக்குச் செய்த அடைப்பெட்டியில், சூட்டைக் காட்ட எந்தத் திரையை வைப்பது என்பதில் எனக்கு இரண்டாம் யோசனையே இருக்கவில்லை. அவள் வளர்த்த ஆண் வாத்து வண்டியில் அடிபட்டுப் போய்விட்டது. அதன் வாரிசாக மிஞ்சியவை ஐந்து முட்டைகள்தாம். பெண் வாத்தோ அடையில் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்தது. இன்னும் ஓரிரு நாள் போனால் முட்டைகளில் உயிர் தங்காது. ஆகவே தெர்மாகோல் பெட்டி, பல்பு, சூட்டை அளக்கும் சென்சார், எல்லாவற்றையும் ஆளும் சின்ன சர்க்யூட் பலகை என்று நானே தயார் செய்தேன். உள்ளே முப்பத்தேழரை டிகிரி நிற்க வேண்டும். ஏறினாலும் இறங்கினாலும் அக்கா கண்ணில் உடனே பட வேண்டும்.

மேசையில் பரப்பியிருந்த மூன்று திரைகளையும் அத்தான் மாறி மாறிப் பார்த்தார்.

"கலர் ஸ்கிரீன் இருக்கும்போது இந்தக் கால்குலேட்டர் மூஞ்சி எதுக்கும்மா?"

"முட்டை என்ன சினிமாவா பாக்கப்போகுது அத்தான்?"

காரணத்தையும் சொன்னேன். கலர் திரைக்கு என் சின்னப் பலகையின் நினைவகம் போதாது. தானே ஒளிரும் ஓஎல்இடி அழகுதான். ஆனால் மாதக்கணக்கில் இரவும் பகலும் ஒரே எண்ணைக் காட்டினால் அந்த இடம் மங்கிப்போகும். வரிக்குப் பதினாறு எழுத்தாக இரண்டு வரி காட்டும் எல்சிடி அப்படியில்லை. மாடு மாதிரி உழைக்கும்.

அக்கா வீட்டில் காற்று அடிக்காத ஒரே இடம் மாடிப்படிக்கு அடியில், தரையில். அத்தான் பெட்டியின் முன்பக்கம் அளவாக வெட்டி, நான்கு திருகுகளால் திரையை மாட்டினார். சுவிட்சைப் போட்டேன்.

"ஒண்ணுமே தெரியலையேடி" என்றாள் அக்கா.

நான் தரையில் உட்கார்ந்து, தலையைத் தாழ்த்திப் பார்த்தேன். எண்கள் பளிச்சென்று இருந்தன. எழுந்து நின்றேன். வெறும் பச்சைக் கட்டம்! அக்காவுக்கோ முதுகில் ஆபரேஷன் ஆகியிருந்தது, குனியவே கூடாது.

"உன் திரைக்கு மரியாதை ஜாஸ்தி" என்றார் அத்தான். "விழுந்து கும்பிட்டாத்தான் தரிசனம்."

எழுத்தின் அழுத்தத்தைக் கூட்டும் திருகைத் திருப்பினேன். எல்லாக் கட்டமும் ஒரேயடியாகக் கறுத்தது. அப்போதுதான் உறைத்தது. இந்த வகைத் திரையில் கீழிருந்து பார்க்க ஒன்று, மேலிருந்து பார்க்க ஒன்று என்று தனித்தனியாகச் செய்கிறார்கள். என்னிடம் இருந்தது கீழிருந்து பார்ப்பது. மேசையில் நேருக்கு நேர் வைத்தே சோதித்ததால் எனக்கு அது தெரியவில்லை. மற்றது வந்து சேர ஒரு வாரம் ஆகும்.

"அதுவரைக்கும் முட்டை தாங்காதுடி" என்றாள் அக்கா. முட்டைத் தட்டைக் கையைவிட்டு இறக்கவில்லை.

"ஒரு வாரம் எதுக்குக்கா? அத்தான், திரையைக் கழட்டித் தலைகீழா மாட்டுங்க. கீழேர்ந்து தெரியறது மேலேர்ந்து தெரியும்."

"எண்ணும் தலைகீழாப் போயிடுமே?"

"எண்ணை நான் தலைகீழா எழுதறேன். ரெண்டும் சேர்ந்தா நேராயிடும்."

அந்தத் திரையில் நாமே வரைந்துகொள்ளும் எழுத்துக்கு எட்டே இடம். இலக்கங்களோ பத்து. ஆனால் பூஜ்யத்தையும் எட்டையும் கவிழ்த்தாலும் அதேதான். ஆறைக் கவிழ்த்தால் ஒன்பது, ஒன்பதைக் கவிழ்த்தால் ஆறு. மிச்சம் ஆறு இலக்கங்கள், ஒரு புள்ளி, ஒரு டிகிரிக் குறி. அளவெடுத்துத் தைத்த சட்டை போல எட்டும் நிரம்பின. புள்ளி புள்ளியாக வரைந்து, கடைசி இலக்கத்தை முதலில் அனுப்பும்படி நிரலை மாற்றி ஏற்றினேன்.

திரையைத் தலைகீழாக மாட்டிவிட்டு, அத்தான் தரையில் சம்மணமிட்டு, தலையைத் தரைவரை தாழ்த்தி உற்றுப் பார்த்தார்.

"ஒண்ணும் காணோமே!"

"உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னுதான். தெரிஞ்சா எதையாவது திருகுவீங்க."

அக்கா நின்ற இடத்திலிருந்தே, முதுகை வளைக்காமல், கண்ணை மட்டும் தாழ்த்தினாள்.

"முப்பத்தேழு... புள்ளி... அஞ்சு."

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். எண் அசையவில்லை. பிறகு தட்டை அத்தானிடம் நீட்டினாள்.

"சும்மாதானே உக்காந்திருக்கீங்க? ஒண்ணொண்ணா உள்ள வைங்க. பாத்து!"