ராஜாக்கள் கோயிலில் ஏற்றிய மெழுகுதிரி

கல்லறை பார்ப்பதற்காகக் காசு கொடுத்து வேன் ஏறுகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். செத்துப்போன ராஜா செத்துப்போனவன்தானே. அவனைப் பார்க்க இடுப்பு ஒடிய மலைப்பாதையில் போக வேண்டுமா? இப்படிச் சொல்லிச் சொல்லியே எங்கள் விடுதியில் பல சுற்றுலாக்களைக் கெடுத்தவன் நான். அப்படிப்பட்ட நானே போன வாரம் எதேரியின் கதவைத் தட்டி, குத்தாயிசி மலையில் இருக்கும் ராஜாக்கள் கோயிலுக்கு இரண்டு இடம் கேட்டேன்.

எதேரி எதிர் அறைக்காரி. வருஷா வருஷம் வசந்தகாலத்தில் வேன் பிடித்து ஊர் சுற்றக் கூட்டிப்போவது அவள் வேலை. என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள்.

"காய்ச்சல் ஒண்ணும் இல்லையே! என்ன வார்லாம், சாகப்போறியா? இடம் பார்த்து வெச்சுட்டு வரப்போறியா?"

"வாயை மூடு. நானுலிக்குக் கொஞ்சம் வெளிக்காத்து வேணும், அவ்வளவுதான்."

வெளிக்காற்று என்று சொன்னது பொய்யில்லை. மீதியைச் சொல்லவில்லை. அதற்கு நாலு நாள் முன்பு தலைநகரிலிருந்து எனக்குத் தொலைபேசி வந்திருந்தது. எங்கள் மகன் கோச்சாவைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

கோச்சா கடலோரத்தில் எங்கள் சொந்த ஊரில் காணாமல் போனான். எங்கள் கடலோரம் நாட்டிலிருந்து பிரிந்துபோன சண்டையின் கடைசி வாரம், பக்கத்து வீட்டுப் பையன்களோடு தேயிலை ஆலைக்குக் காவல் இருக்கப் போனான். நாங்கள் உடுத்திய துணியோடு ஆற்றுப்பாலத்தைத் தாண்டி ஓடி வந்தோம். அன்றிலிருந்து சுக்திதி ஊரில், பழைய மாணவர் விடுதியில் ஒரே அறையில் வாழ்க்கை. முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. என் மனைவி நானுலி அவன் செத்தான் என்று ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. எங்கேயோ பிடித்து வைத்திருக்கிறார்கள், இல்லை ரஷ்யப் பக்கம் எங்கோ பிழைக்கிறான், ஏதோ கோபத்தில் வராமல் இருக்கிறான், இதுதான் அவள் கணக்கு. அவளுடைய தங்கையே ஒரு தடவை கோச்சாவுக்காக இறந்தவர்களுக்கான மேஜையில் மெழுகுதிரி ஏற்றிவிட்டாள் என்று, கோயில் என்றும் பார்க்காமல் அவள் கன்னத்தில் அறைந்தவள். இன்றுவரை இருவருக்கும் பேச்சு இல்லை.

எலும்புகளோடு ஒத்துப்பார்க்க ரத்தம் கேட்டு அதிகாரிகள் வந்தபோதும் கதவைச் சாத்தினாள். "பொணத்துக்குத்தான் ரத்தம் கேப்பாங்க. என் பிள்ளை பொணமில்ல, போங்க" என்றாள். நான் பல் வைத்தியரிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன்.

அது இப்போது ஒத்துப்போய்விட்டது. தொலைபேசியில் பேசிய பெண் நல்ல பெண். எங்கே கிடந்தான் என்று கேட்டேன். தயங்கினாள். ஆலைக்குப் பின்னால், பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் நடைபாதைக்கு அடியில் என்றாள். சண்டைக்குப் பிறகு போட்ட பாதையாம். இத்தனை வருஷமும் ஜனங்கள் அதன்மேல்தான் நடந்து போயிருக்கிறார்கள். அடுத்த மாதம் பெட்டியை ஒப்படைப்பார்களாம்.

நானுலியிடம் எப்படிச் சொல்வது? இத்தாலியில் ஒரு கிழவிக்குப் பணிவிடை செய்துகொண்டிருக்கும் எங்கள் மகளைக் கூப்பிட்டேன். அவள் அழுது முடித்துவிட்டு, "அப்பா, அந்த ரூம்ல வெச்சு மட்டும் சொல்லாதே. அங்கதானே அம்மா இனிமேலும் இருக்கணும்? எங்கயாவது வெளிய கூட்டிட்டுப் போய்ச் சொல்லு" என்றாள். எனக்கும் அது சரியென்று பட்டது. கோயில் பார்த்து முடித்ததும் புல்லில் விரிப்பு போட்டுச் சாப்பிடுவார்கள். இறந்தவர்களை நினைத்து ஒயின் கோப்பை தூக்கும் நேரம் வரும். அப்போது அவளைத் தனியே கூட்டிப்போய்ச் சொல்லிவிடலாம் என்று முடிவு கட்டிக்கொண்டேன்.

வேனில் அவள் குதூகலமாக இருந்தாள். அதுதான் என்னைக் கொன்றது. விடியற்காலையிலேயே எழுந்து கோழி வேகவைத்து, பாலாடைக்கட்டி ரொட்டி சுட்டு, தலைக்கு நல்ல நீலத்துணி கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"ஏ எதேரி, இந்த மனுஷன் என்னை வெளிய கூட்டிட்டு வந்து இருபது வருஷம் ஆச்சு. கடைசியா கூட்டிட்டுப் போனது எங்க தெரியுமா? ரேஷன் மாவு வாங்க!"

வேன் முழுக்கச் சிரித்தது.

"அதுவும் மூட்டையை யார் தூக்கிட்டு வந்தா?" என்றாள் எதேரி.

"நான்தான். இவனுக்கு முதுகு வலி. நாற்பது வருஷமா வலிக்குது, எப்ப மூட்டை வருதோ அப்பல்லாம் வலிக்கும்."

வழக்கமாக நானும் விடமாட்டேன், நாலு பதில் கொடுப்பேன். அன்றைக்கு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் என் முழங்காலில் தட்டி, "என்ன, பூனை நாக்கைத் தின்னுடுச்சா?" என்று கேட்டுவிட்டு ஒரு அவித்த முட்டையை உரித்து என் கையில் வைத்தாள். அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

கோயில் வாசலில் கெத்தி என்ற பெண் எங்களுக்கு விளக்கம் சொல்ல வந்தாள். எங்கள் பேத்தி வயசு இருக்கும். கல்வளைவுக்குக் கீழே ஆள் நீளத்துக்கு ஒரு பலகைக்கல், எழுத்தெல்லாம் தேய்ந்து கிடந்தது. பெரிய ராஜா அதன் அடியில்தான் இருக்கிறாராம். வருகிறவர் போகிறவர் எல்லாரும் என் நெஞ்சை மிதித்துக்கொண்டு போகட்டும் என்று அவரே கேட்டுக்கொண்டு வாசலில் புதைக்கச் சொன்னாராம். பாவம் தீரும் என்று.

"தாராளமா மிதிச்சுட்டு வாங்க மாமா, அத்தை. அதுதான் அவருக்கு மரியாதை" என்றாள் கெத்தி.

எதேரி கல்லின் நடுவில் நின்று, "ராஜாவே, மன்னிச்சுக்கோ, நான் கொஞ்சம் கனம்" என்றாள். எல்லாரும் சிரித்துக்கொண்டே கடந்தார்கள். நானுலி மட்டும் சுவரை ஒட்டி, கல்லின் விளிம்பில்கூடக் கால் படாமல், பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகர்ந்து போனாள்.

"அத்தை, ராஜாவே கேட்டுக்கிட்டது அது" என்றாள் கெத்தி.

"அவன் கேட்டிருப்பான்மா. அவனைப் பெத்தவ கேட்டிருப்பாளா?"

எனக்குப் பின்னால் வந்தவர்கள் நெருக்கினார்கள். நான் கல்லைத் தாண்டினேனா, மிதித்தேனா என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

உள்ளே போனால் தரையெல்லாம் கல்லறை. ராஜா, ராணி, ராஜாவின் தம்பி, ஒன்பது வயசில் செத்த இளவரசன். கெத்தி ஒவ்வொரு கல்லாகக் காட்டிக்கொண்டே போனாள். யாரை யார் விஷம் வைத்துக் கொன்றார்கள் என்று அவள் சொல்வதைக் கேட்க எல்லாருக்கும் ஆசை. எனக்கு ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை. தரையைப் பார்த்தால் பேருந்துக்கு ஓடுகிற கால்கள் தெரிந்தன. பள்ளிக்கூடப் பிள்ளைகள், காய்கறிப் பை தூக்கிய பெண்கள், சைக்கிள் தள்ளுகிறவர்கள். அவர்களைத் திட்டவும் முடியவில்லை. அவர்களுக்கு என்ன தெரியும், பாவம்!

நானுலி வாசல் பக்கத்துக் கடையில் மெழுகுதிரி வாங்கி வந்தாள். மூன்றை என் கையில் திணித்தாள்.

"இந்தா, உங்க அப்பாவுக்கு ஒண்ணு, அம்மாவுக்கு ஒண்ணு, நம்ம கோச்சாவுக்கு ஒண்ணு. நான் தனியா ஏத்தறேன்."

எங்களில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். உயிரோடு இருப்பவர்களுக்கு மாதா படத்தின் முன்னால் உயரமான பித்தளைத் தண்டில் ஏற்றுவோம். இறந்தவர்களுக்குச் சிலுவைக்குக் கீழே, மணல் நிரப்பிய தாழ்ந்த மேஜையில். நானுலி நேராக மாதாவிடம் போனாள். தன் மெழுகுதிரியைப் பொருத்தி உச்சித் துளையில் வைத்து, கண்ணை மூடி வாய் அசைத்தாள். நான் மணல் மேஜைக்குப் போய் அப்பாவுக்கு ஏற்றினேன், அம்மாவுக்கு ஏற்றினேன். சிலுவைக் குறி போட்டுக்கொண்டேன். கால்களே கண்முன் ஓடிக்கொண்டிருந்தன.

திரும்பும்போது நானுலி என் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். என் வெறுங்கைகளைப் பார்த்தாள். பிறகு மணலைப் பார்த்தாள். அங்கே என் மூன்று மெழுகுதிரிகளும் எரிந்துகொண்டிருந்தன.

ஐயோ, என் கையை வெட்டிப்போட வேண்டும்! முப்பது வருஷமாகத் தப்பாத கை. அவசரமாகக் கையை நீட்டி மூன்றாவதைப் பிடுங்கப் போனேன்.

"எடுக்காதே" என்றாள்.

அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருக்கலாம், வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"எப்ப சொன்னாங்க?"

"நானுலி, தெரியாம கை தவறி..."

"பொய் பேசாதே மனுஷா, கோயில்ல நிக்கறே. எப்ப சொன்னாங்க?"

"போன வாரம்."

"ரத்தம் குடுத்தியா?"

தலையை ஆட்டினேன்.

"பல் வைத்தியர்" என்றாள். "அன்னைக்கே நினைச்சேன். உனக்குப் பிடுங்க அங்க பல்லே இல்லையே."

அதைச் சொல்லும்போது அவள் உதடு கோணியது. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். நான் அவள் தோளைப் பிடித்தேன். உதறவில்லை.

"எங்க இருந்தான்?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். ஒரு மரத்தடி, ஒரு தோட்டம் என்று ஏதாவது. வாய் வரவில்லை. ஆலைக்குப் பின்னால், நடைபாதைக்கு அடியில் என்று சொன்னேன். அவள் காலடியில் இருந்த இளவரசனின் கல்லிலிருந்து இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டாள்.

அந்த நேரம் பார்த்துக் கோயில்காரப் பெண் ஒருத்தி, கறுப்பு முக்காடு போட்டவள், தகர டப்பாவோடு வந்தாள். கூட்டம் அதிகமாக இருந்தால் பாதி எரிந்த திரிகளை அணைத்து டப்பாவில் போட்டுப் புதிதாக வருகிறவர்களுக்கு இடம் பண்ணுவார்கள். எல்லாக் கோயிலிலும் நடப்பதுதான். அவள் மாதா முன்னால் போய் ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினாள். நானுலி என்னை விட்டுவிட்டு ஓடினாள். எழுபத்துநாலு வயசில், மூட்டுவலிக்காரி, அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. அந்தப் பெண்ணின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"இதைத் தொடாதே."

"அம்மா, பின்னாடி ரெண்டு பஸ் வந்திருக்கு. இடம் வேணும். ஆண்டவர் ஏத்தினதை ஏத்துக்கிட்டாரு, எரிஞ்சு தீரணும்னு இல்ல."

"ஆண்டவருக்குப் போதும்னா இருக்கட்டும். எனக்குப் போதாது. அது எரியற வரைக்கும் என் பிள்ளை உயிரோட இருக்கான். கைய வெச்சே, உன் டப்பாவை உன் தலையிலேயே கவுத்துருவேன்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் சிலுவைப் பக்கம் கையைக் காட்டினேன். அவள் புரிந்துகொண்டாள் போலிருக்கிறது. மற்றத் திரிகளையும் தொடாமல் டப்பாவை முக்காட்டுக்குள் மறைத்துக்கொண்டு போய்விட்டாள்.

நாங்கள் இரண்டு பேரும் அந்தத் தண்டின் பக்கத்தில் நின்றோம். கால் கடுத்தது. வெளியே வேன்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். கடைசியில் எதேரி உள்ளே வந்தாள்.

"என்ன ரெண்டு பேரும்? ராஜா ராணியா முடிசூட்டிக்கப் போறீங்களா? கோழி ஆறிப்போச்சு, டிரைவர் குதிக்கறான்..."

நானுலியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள். எங்கள் விடுதியில் எல்லாக் குடும்பத்திலும் சண்டையில் போன ஒருவர் உண்டு. அவளுக்கு எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. திரும்பிப் போனாள். கொஞ்ச நேரத்தில் ஹாரன் நின்றது.

மெழுகுதிரி விரல் நுனி அளவுக்கு வந்துவிட்டது. நானுலி அதிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"வார்லாம், அவனுக்கு என்ன வயசு?"

"அம்பத்திரண்டு" என்றேன். பிறந்தநாள்தோறும் அவள் கேக் சுட்டு எண்ணிக்கொண்டு வந்ததால் நாக்கில் அதுதான் வந்தது.

"இல்ல. இருபத்தொண்ணு."

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"நான்தான் அவனை அம்பது வரைக்கும் இழுத்துட்டு வந்தேன். தொப்பை போட்டிருக்கும், தலை நரைச்சிருக்கும், எவளோ ஒருத்தியைக் கட்டியிருப்பான், அவ பேச்சைக் கேட்டுக்கிட்டு நம்மை மறந்துட்டான்னு நினைச்சேன். ராத்திரியில எவ்வளவு திட்டியிருக்கேன் தெரியுமா அவனை? மாடு மாதிரி வளர்ந்தவனுக்கு அம்மாவைப் பார்க்க ஒருநாள் கிடைக்கலையான்னு."

"அவனுக்குக் கேட்டிருக்காது நானுலி."

"நான் ஒரு பெரிய ஆம்பளையைத் திட்டிட்டிருந்தேன்யா." அவள் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். "அவன் சின்னப் பையன். இருட்டுன்னா என் கட்டில் பக்கம் வந்து நிப்பானே. தனியா எப்படிக் கிடந்தான்? பயந்திருப்பானே, என் பிள்ளை பயந்திருப்பானே!"

திரி உருகிய மெழுகில் சாய்ந்து அணைந்தது. நான் அவளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.