தலைக்கி எழுநூத்தம்பது ரூபா விருந்து

பாண்டிச்சேரியில இருக்கற அந்த பார்பிக்யூ கடையில தலைக்கி எழுநூத்தம்பது ரூபா குடுத்துத் திங்கறது தகுமா தகாதான்னு எங்க பக்கத்துல இன்னும் பேசிக்கினுதான் இருக்காங்க. அந்தக் காசுக்கு ரெண்டு நாட்டுக்கோழி வாங்கி வூட்டுல ஆக்கினா தெருவே திங்கும்னு ஒரு கட்சி. ஆயுசுல ஒரு தடவயாவது அப்பிடி ஒக்காந்து திங்கணும்னு இன்னொரு கட்சி. என்னைக் கேட்டா நடந்தத முழுசா சொல்லிட்டுதான் பதில் சொல்லுவேன். குறுக்க பேசாம கேளுங்க.

எம்பேரு வெண்மதி. எங்க வூட்டுக்காரரு வளவன் மைன்ஸ்ல காண்ட்ராக்ட் ஆளு. நெலக்கரி போற கன்வேயர் பெல்ட்டு இருக்குதில்ல, அதுக்கு அடியில கொட்டிக் கெடக்கற கரிய வாரி மேல போடணும், அதான் வேலை. பெல்ட்ட நிறுத்திட்டுதான் வாரணும், அதான் சட்டம். ஆனா காண்ட்ராக்டர் கொளஞ்சிநாதன் இருக்காரே, "நிறுத்தச் சொன்னா மேல கேள்வி கேப்பான், ஓடட்டும், அப்பிடியே வாரு"ன்னுடுவாரு. ஐப்பசி மழையில ஒரு நாளு ரோலர் மொதல்ல மம்முட்டிய இழுத்துச்சி, பின்னாடியே இவரு வலது கையையும் இழுத்துச்சி. பெருவெரலு, ஆள்காட்டி வெரலு, நடுவெரலு, மூணும் போச்சி. கூட வேலை செஞ்ச பெரியண்ணன்னு ஒருத்தருதான் ஓடிப்போயி, அவசரத்துக்குன்னு கட்டியிருக்கற கயித்த இழுத்து பெல்ட்ட நிறுத்தினாரு. இல்லன்னா மனுசனே போயிருப்பாரு.

ஆஸ்பத்திரி வாசல்லயே கொளஞ்சிநாதன் என் கையப் புடிச்சிக்கினாரு. "தங்கச்சி, மைன்ஸ்ல அடிபட்டதுன்னு எழுதினா என் காண்ட்ராக்டே போயிடும். அப்பறம் இத்தன பேரு பொழப்பும் நடுத்தெருவுக்கு வந்துடும். ஊர்ல கரும்பு மிஷின்ல கைய வுட்டுட்டாருன்னு சொல்லிடு. வளவனுக்கு ஒக்காந்த எடத்துல வேலை போட்டுத் தர்றது என் பொறுப்பு"ன்னாரு. ரத்தத்தப் பாத்து எனக்கு புத்தி மழுங்கிப் போயிருந்திச்சி. சரின்னுட்டேன். பெரியண்ணனும் கூட இருந்தவங்களும் வாயத் தொறக்கல. மைன்ஸ் உள்ள போற அவங்க கேட் பாஸும் அந்தாளு கையிலதானே இருக்கு.

கட்டு பிரிச்சதும் இவரு போயி நின்னாரு. பாஸ் புதுப்பிக்கறப்ப இவரு பேர மட்டும் எடுத்துட்டிருந்தாங்க. "வெரலு இல்லாதவனுக்கு நான் எங்கடா வேலை தேடறது"ன்னு கேட்டாராம். நஷ்ட ஈடு கேக்கலாம்னா, நாங்களே கரும்பு மிஷின்னு சொல்லி வச்சிருக்கோம். யாராவது ஒருத்தரு பாத்தேன்னு சொன்னாதான் எதுவும் நடக்கும். நான் வூடு வூடா போயி கேட்டேன். ஒருத்தரும் என் மூஞ்சியப் பாக்கல. பெரியண்ணன் வூட்டுல அவரு உள்ள இருந்துக்கினே இல்லன்னு சொல்லச் சொன்னாரு. அன்னிக்கி என் வயிறு எரிஞ்ச எரிச்சல்ல சோறே ஆக்கியிருக்கலாம்.

பொங்கல் முடிஞ்சி ஒரு சாயங்காலம் கொளஞ்சிநாதனே எங்க வூட்டுக்கு வந்தாரு. கையில அந்த வருஷம் அச்சடிச்ச ரெண்டு மஞ்ச டீசர்ட்டு, விருந்துக்கு அதப் போட்டுக்கினுதான் வரணுமாம். விபத்தே இல்லாம வருஷத்த ஓட்டினதுக்கு அவருக்கு மேலேர்ந்து பாராட்டு கெடச்சிருக்காம். அதனால மொத்த ஆளுங்களையும் வேன் வச்சி பாண்டிக்கி கூட்டினு போறாராம். நோட்டு செல்லாமப் போச்சின்னு நாடே க்யூவுல நின்ன வருஷம் அது. ஆளுங்களுக்குப் பாதி சம்பளம்தான் குடுத்திருந்தாரு. விருந்துக்கு மட்டும் கார்டு தேய்க்கறாரு பாருங்க.

"வளவா, நீயும் வந்துடு. ஒன்ன வுட்டுட்டுப் போனா ஆளுங்க ஒரு மாதிரி பேசுவானுங்க"ன்னாரு. அப்பறம் கெளம்பறப்ப திரும்பி, "போட்டோ எடுக்கறப்ப மட்டும் கைய பேண்ட் பாக்கெட்டுல வச்சிக்க, என்னா?"ன்னாரு.

இவரு தலையக் குனிஞ்சிக்கினாரு. வரலன்னுதான் சொல்ல வாயெடுத்தாரு. நான் முந்திக்கினேன். "வர்றோங்கண்ணே. ஒங்க விருந்துக்கு வராம இருப்பமா?"ன்னு பல்லக் காட்டினேன். அவரு தெரு முனை திரும்பறதுக்குள்ள, "ஏன்டி ஒத்துக்கினே?"ன்னு இவரு கத்தினாரு. "அந்தாளு சிரிக்கறதுக்கு ஒரு கூட்டம் சேக்கறாரு. அந்தக் கூட்டத்துக்கு முன்னாடியே அவர அழ வெக்கணும். எப்பிடின்னு எனக்கே இன்னும் தெரியாது. நீ வா"ன்னேன்.

ஞாயித்துக்கெழம மத்தியானம் போயி எறங்கினோம். ஏசி குளுருல எல்லாருக்கும் ஒடம்பு வெடவெடங்குது. மேசைக்கி நடுவுலயே குழி வெட்டி அடுப்புக் கரி நெருப்ப எறக்கி வெக்கறாங்க. கம்பியில குத்தின கறிய வரிசையா அதுமேல வச்சிட்டுப் போறாங்க. எடுக்க எடுக்க வந்துக்கினே இருக்குது. மேசை மேல ஒரு குட்டிக் கொடி. அது நிக்கற வரைக்கும் கறி வரும், சாச்சிட்டா போதும்னு அர்த்தமாம். அது யாருக்குத் தெரியும்? கைக்கி எடைஞ்சலா இருக்குன்னு பெரியண்ணன் அத எடுத்துப் படுக்க வச்சிட்டாரு. எங்க மேசைக்கி மட்டும் கறி நின்னு போச்சி. "ஏழைங்கன்னு தெரிஞ்சதும் நிறுத்திட்டானுங்க பாரு"ன்னு பெரியண்ணன் பொருமறாரு. பரிமாறற மணிப்பூர்க்காரப் பையன் ஒருத்தன் வந்து சிரிச்சிக்கினே கொடிய நிமுத்தி வச்சான்.

ருசியக் கேப்பீங்க. சொல்றேன். எறா நல்லா இருந்திச்சி, பொய் சொல்லக்கூடாது. கோழியில தயிரு தூக்கல். மீனு பழசு, கடலூர் மீனு தின்ன நாக்குக்குத் தெரியாதா? அன்னாசிப் பழத்தப் போயி நெருப்புல சுடறானுங்க, அதத்தான் எல்லாரும் அள்ளி அள்ளித் தின்னோம். பிரியாணிக்கி வயித்துல எடமே இல்ல.

ஆனா நான் பாத்தது வேற. கை போனதுலேர்ந்து இவரு நாலு பேருக்கு முன்னாடி சாப்புடறதே கெடையாது. பீச்சாங்கையால தின்னா பாக்கறவங்க மொகம் சுளிப்பாங்கன்னு கல்யாணம், கருமாதி எல்லாத்துக்கும் பந்தியத் தாண்டி வந்துடுவாரு. வூட்டுல நான் உருட்டிக் குடுப்பேன். இங்க எல்லாருமே முள்ளுக் கரண்டியாலதான் திங்கறாங்க. கோட்டு சூட்டு போட்டவங்களே எடது கையில முள்ளப் புடிச்சிக்கினு திங்கறாங்க. இவரும் மெதுவா எடது கையில முள்ள எடுத்து, ஒரு எறாவக் குத்தி வாயில போட்டாரு. ஒருத்தரும் திரும்பிப் பாக்கல. அவரு மொகத்துல வந்த சந்தோஷத்தப் பாத்து எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சி. அந்த ஒரு எறாவுக்கு எழுநூத்தம்பது குடுக்கலாம்னு தோணிச்சி.

அது அந்த கொளஞ்சிநாதனுக்குப் பொறுக்கல. மேசைக்கி அந்தப் பக்கம் இருந்து, "யோவ், பாருங்கய்யா, வளவன் பீச்சாங்கையால வெளுத்துக் கட்டறான்! நல்லவேள, ஒருத்தனும் அவன் தட்டுல பங்கு கேக்க மாட்டான்"னு சிரிக்கறாரு. ரெண்டு மூணு பேரு பயத்துல கூடச் சிரிச்சாங்க. இவரு முள்ளக் கீழ வச்சிட்டாரு. அடப்பாவி! தின்ன வுட மாட்டியாடா நீ? எனக்கு அந்தக் கம்பியையே எடுத்து அவரு கண்ணுல சொருகிடலாம்னு வந்திச்சி.

அந்த நேரம் பாத்து அந்த மணிப்பூர்ப் பையன் எங்கிட்ட வந்தான். விசேஷம்னா இந்தக் கடையில மோளம் அடிச்சி, தலையில கிரீடம் வச்சி, கேக்கு வெட்ட வுடுவாங்களாம். கேக்கு வேணும்னு காண்ட்ராக்டர் முன்னாடியே சொல்லி வச்சிருக்காரு. "அக்கா, யாருக்கு பங்சன்?"னு அரைகொறை தமிழ்ல கேட்டான். நான் பட்டுன்னு வளவனக் கைகாட்டினேன்.

டமடமன்னு மோளம் அடிச்சிக்கினு பத்து பேரு வந்துட்டாங்க. இவரு தலையில அட்டைக் கிரீடம். முன்னாடி கேக்கு, அதுமேல க்ரீம்ல 'விபத்தில்லா ஆண்டு'ன்னு எழுத்து. பக்கத்து மேசைக்காரங்க எல்லாம் கை தட்டறாங்க. கொளஞ்சிநாதன் "இல்லப்பா, நான்தான், நான்தான்"னு கத்தறாரு, மோளத்துல யாருக்குக் கேக்குது? போட்டோ எடுக்கச் சொல்லி அவரே குடுத்திருந்த போனால இன்னொரு பையன் கிளிக்கு கிளிக்குன்னு எடுத்துக்கினே இருக்கான்.

நான் இவரு காதுல சொன்னேன். "வலது கையால வெட்டு."

என்னைப் பாத்தாரு. அப்பறம் பாக்கெட்டுலேர்ந்து கைய எடுத்தாரு. மிச்சம் இருந்த ரெண்டு வெரலுக்கு எடுக்குல கத்தியக் கவ்வி, அழுத்தி வெட்டினாரு. கைத்தட்டல் அப்பிடியே அடங்கிப் போச்சி. மொதத் துண்ட அந்தக் கையாலயே எடுத்துக்கினு போயி, பெரியண்ணன் வாயில ஊட்டினாரு. அத நான் சொல்லல, சத்தியமா அவராத்தான் செஞ்சாரு. கேக்கு வாயில இருக்கறப்பவே பெரியண்ணனுக்குக் கண்ணுல தண்ணி கொட்டுது.

கொளஞ்சிநாதன் வேர்த்துப் போயி ஒக்காந்தாரு. நான் கொஞ்ச நேரம் ஆற வுட்டு, கிட்டப் போயி கொழைஞ்சேன். "அண்ணே, எல்லாம் ஜோரா முடிஞ்சிது. போட்டோவ குரூப்புல போடலியா? சேஃப்டி ஆபீசரு எதிர்பாத்துக்கினு இருப்பாரே?" அந்த மனுசனுக்கு காலையில குட்மார்னிங்லேர்ந்து ராத்திரி வரைக்கும் ஆபீசருங்க இருக்கற வாட்சப் குரூப்புல எதையாவது போட்டுக்கினே இருக்கணும், இல்லன்னா தூக்கம் வராது. அந்தக் கை தெரியறத வுட்டுட்டுப் போடலாம்னுதான் பாத்தாரு, ஆனா மூக்குக் கண்ணாடிய வேன்லயே வச்சிட்டு வந்திருந்தாரு. மொத்தத்தையும் அழுத்தி அனுப்பிட்டாரு. அனுப்பினத அழிக்கற வசதியெல்லாம் அப்ப வரல.

திரும்பி வர்றப்ப கடலூர் தாண்டினதும் கொளஞ்சிநாதனுக்கு சேஃப்டி ஆபீசர்கிட்டேர்ந்து போன் வந்திச்சி. அவரு எப்பவும் ஸ்பீக்கர்லதான் பேசுவாரு. ஆபீசரு தன்கிட்டப் பேசறது நாலு பேருக்குக் கேக்கணுமில்ல?

"கொளஞ்சி, போட்டோ பார்த்தேன். கேக் வெட்டறாரே, யார் அவரு? கை எப்படி ஆச்சு?"

"அது சார்... ஊர்ல கரும்பு மிஷின்ல சார். நம்ம ஆளு இல்ல சார், முன்னாடி இருந்தாரு."

"முன்னாடி இருந்தவருக்கு இந்த வருஷ டீசர்ட் எதுக்கு? பக்கத்துல யார் இருக்கா, போனக் குடு."

கொளஞ்சிநாதன் ஸ்பீக்கர நிறுத்தக்கூடத் தோணாம, போன பெரியண்ணன் கிட்ட நீட்டினாரு. வாயத் தொறக்காம கண்ணாலயே மெரட்டறாரு. பெரியண்ணனுக்கு ரெண்டு பொண்ணு, ரெண்டும் படிக்குது. பாஸ் போனா அவ்வளவுதான். இவரு கண்ண மூடிக்கினாரு.

"ஐயா, நான் பெரியண்ணன் பேசறேன். கரும்பு மிஷின் இல்லீங்க. பெல்ட்டு ரோலர்லதான் போச்சி. ஓடறப்பவே வாரச் சொன்னாருங்க. கயித்த இழுத்து நிறுத்தினது நான்தான்."

பின்சீட்டுலேர்ந்து ஒருத்தரு, "நானும் பாத்தேங்கய்யா"ன்னாரு. அடுத்து இன்னொருத்தரு. அப்பறம் யாரு சொல்றாங்கன்னே தெரியல, அவ்வளவு கொரலு.

"எல்லாரும் காலைல ஆபீசுக்கு வாங்க"ன்னு ஆபீசரு போன வச்சிட்டாரு.

கொளஞ்சிநாதன் வண்டிய நிறுத்தச் சொன்னாரு. "என் காசுல மூக்குமுட்டத் தின்னுட்டு எனக்கே குழி வெட்டறீங்களேடா! எறங்குங்கடா எல்லாரும்!" குறிஞ்சிப்பாடிக்கி ரெண்டு கல்லு முன்னாடி எறக்கி வுட்டுட்டாரு. எறங்கறப்ப நான் நின்னு சொன்னேன். "ஆமாங்கண்ணே, பெரிய செலவுதான். இவரு ஆஸ்பத்திரியில கெடந்தப்ப அரை கிலோ ஆரஞ்சோட முடிச்சிட்டீங்களே, அது மாதிரி இதையும் முடிச்சிருக்கலாம்."

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கறப்ப பெரியண்ணன், "தங்கச்சி, மன்னிச்சிக்கம்மா"ன்னாரு. "காலையிலயும் இதையே சொல்லுங்க, அப்பறம் பாக்கலாம்"னுட்டேன். சொன்னாரு. எல்லாரும் சொன்னாங்க. மைன்ஸ்ல போன கைன்னு எழுத்துல ஏறிச்சி. ஈடும் வந்திச்சி, பம்ப் ஹவுஸ்ல ஒக்காந்த வேலையும் வந்திச்சி. காண்ட்ராக்ட் வேற ஆளுக்குப் போச்சி. எழுநூத்தம்பது தகுமான்னு இப்ப கேட்டா, தகும்னுதான் சொல்லுவேன்.

இப்ப கொளஞ்சிநாதன் வேன வித்துட்டு ஊர்லயே கெடக்கறாராம், சுகர் ஏறி கால்ல புண்ணாம். பாவம், போயி ஒரு எட்டுப் பாத்துட்டு வாங்கன்னு சொல்றாங்க. விருந்து போட்ட மனுசராச்சேன்னு வேற இழுக்கறாங்க. வேணுங்கறவங்க போயிட்டு வரட்டும். ராத்திரி இவரு தூக்கத்துல இல்லாத வெரல மடக்கப் பாத்து திடுக்குன்னு எழுந்திரிக்கறாரே, அத நான் பக்கத்துல படுத்துப் பாக்கறவ. எனக்கு அந்தாளு மேல ஒரு துளி பாவம் வரல.