பன்னிரண்டு மூட்டை விதை வெங்காயம்

அழுகிய வெங்காயத்தின் நாற்றம் கையில் ஏறினால் மூன்று நாளைக்குப் போகாது. சோப்பு போட்டாலும், புளி போட்டுத் தேய்த்தாலும், சாப்பிட உட்கார்ந்தால் சோற்றோடு வாய்க்கு வந்துவிடும். மூக்கைச் சேலையால் கட்டிக்கொண்டு நான் அந்த வெள்ளைப் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். என் நாத்தனார் மலர்கொடி கூழாகிப்போன தன் விதை வெங்காயத்தை மண்வெட்டியால் வாரி வெளியே கொட்டிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு மூட்டை. ஐப்பசி நடவுக்கு அவளிடம் இருந்ததே அவ்வளவுதான்.

அதைப் பெட்டிக்குள் வைக்கச் சொன்னவள் நான்.

எங்கள் ஊர் வேப்பந்தட்டையிலிருந்து மலைப்பக்கம் போகிற வழியில் இருக்கிறது. சின்ன வெங்காயம்தான் பிழைப்பு. விதைக்கு எடுத்த வெங்காயத்தைப் பட்டறையில் வைப்போம். தரையிலிருந்து ஒரு முழம் உயரத்துக்குக் கல் வைத்து, அதன்மேல் குச்சிகளைப் பரப்பி, பக்கத்தில் மூங்கில் படல் கட்டி, மேலே கீற்றுப் போட்டால் பட்டறை. எல்லாப் பக்கமும் காற்று புகுந்து போகும். ஒழுங்காகக் கட்டின பட்டறையில் மூட்டைக்கு இரண்டு கை வெங்காயம் கெட்டாலே அதிகம்.

பெரம்பலூரிலிருந்து வந்த ராஜதுரை சார் அந்தப் பட்டறையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அவர் ஒரு திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர். உலகம் சூடாகிக்கொண்டே போகிறதாம். ஏழை நாடுகள் அதைச் சமாளிக்கப் பணக்கார நாடுகள் தங்கள் தொழில்நுட்பத்தைக் கொடுக்கின்றனவாம். அதற்கென்றே பெரிய நிதி இருக்கிறதாம். அந்த நிதியிலிருந்து, சூரிய ஒளியில் ஓடும் வெங்காயச் சேமிப்பு அறை ஒன்று எங்கள் மகளிர் குழுவுக்கு இலவசம் என்றார். குழுத் தலைவி புவனேஸ்வரியாகிய நான் வாயெல்லாம் பல்லாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"ஒண்ணே ஒண்ணும்மா," என்றார் அவர். "பட்டறைய பிரிச்சிரணும். பழசும் நிக்குது, புதுசும் நிக்குதுன்னா பணம் குடுக்குறவங்க ஒத்துக்க மாட்டாங்க. பழசுக்குப் பதிலாத்தான் புதுசுன்னு காட்டணும்."

"அண்ணி, ஒரு போகம் பாத்துட்டு பிரிப்போமே," என்றாள் மலர்கொடி.

"நீ ஒருத்தி. எதுக்கெடுத்தாலும் பயந்து சாவு," என்று அவளை அடக்கிவிட்டு, முதல் படலை நானே அவிழ்த்தேன்.

அறை என்று அவர் சொன்ன அந்த வெள்ளைப் பெட்டி ஏதோ குளிர் தேசத்திலிருந்து வந்தது. உள்ளே அடுக்கடுக்காகக் கம்பி வலைத் தட்டுகள். வலையின் ஒவ்வொரு கண்ணிலும் இரண்டு விரல் நுழையும். அந்த ஊரில் வெங்காயம் என்றால் நம் பெல்லாரிப் பெரிய வெங்காயம் மாதிரி உள்ளங்கை அளவுக்கு இருக்கும் போலிருக்கிறது. எங்கள் வெங்காயம் கொட்டக் கொட்ட அடியில் போய் விழுந்தது. ராஜதுரை சாருக்கு போன் போட்டேன். "மேல சாக்கு விரிச்சுக் கொட்டுங்கம்மா. இருவது நாளைக்கு மட்டும் கதவத் தொறந்துராதீங்க, உள்ள இருக்குற மீட்டர் பதிவு கெட்டுரும்," என்றார். சாக்கு காற்றை அடைத்துக்கொண்டது. இருபத்தோராம் நாள் கதவைத் திறந்தபோது மலர்கொடி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

கழுவி முடித்த அன்று மாலை ராஜதுரை சார் ஒரு டாடா ஏஸில் வந்து இறங்கினார். வண்டி நிறையப் பெல்லாரி, திருச்சி மார்க்கெட்டில் வாங்கியது. மறுநாள் நிதி கொடுக்கிறவர்கள் பக்கமிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மா பார்வையிட வருகிறாராம். கூட வந்த ஆட்கள் பெல்லாரியைத் தட்டுகளில் கோயில் பிரசாதம் மாதிரி அடுக்கி, பினாயில் தெளித்தார்கள்.

"இது எங்க வெங்காயம் இல்லியே சார்," என்றேன்.

"அவங்களுக்கு என்னம்மா தெரியப் போவுது? வெங்காயம்னா வெங்காயம்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "பெட்டி நல்லா இருக்குன்னு சொல்லி, ஒப்படைப்புக் கடிதத்துல கையெழுத்துப் போட்டுருங்க. உங்க நாத்தனாருக்குப் பன்னண்டு மூட்டை வெத வெங்காயம் அடுத்த வாரமே எறக்கித் தரேன். நடவுக்கு இன்னும் பத்து நாளு இருக்குல்ல?"

எத்தனை பேரிடம் இப்படிப் பேசிப் பழகியிருந்தால் இவ்வளவு கூச்சமில்லாமல் வரும்?

மலர்கொடி என் கையைப் பிடித்தாள். "போட்டுருங்க அண்ணி. உழுது பாரு கட்டி நெலம் தயாரா கெடக்கு. காசு குடுத்து வெத வாங்க எங்கிட்ட என்ன இருக்கு?"

சரி என்று தலையாட்டினேன். கையெழுத்துப் போடுவதாகத்தான் இருந்தேன்.

மறுநாள் அந்த அம்மா வந்தார். சொல்வதை மொழிபெயர்க்கச் சென்னையிலிருந்து ஆர்த்தி என்ற பெண்ணும் வந்திருந்தாள். அந்த அம்மா ஒரு பெல்லாரியை எடுத்து முகர்ந்து, கன்னத்துக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். ராஜதுரை சார் மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்கிறவர் போலக் குழைந்தார். ஆர்த்தி கோப்பைப் பிரித்தாள்.

"இந்தத் திட்டத்துக்கு முன்னாடி உங்களுக்குச் சேமிக்கத் தெரியாததால நூத்துக்கு நாப்பது வெங்காயம் அழுகிட்டிருந்துச்சு. இப்ப அஞ்சுதான் அழுகுது. அதை உங்க வாயால கேக்கணும்னு மேடம் ஆசைப்படுறாங்க."

நூற்றுக்கு நாற்பது! நாற்பது அழுகினால் நாங்கள் வெங்காயமா போட்டுக்கொண்டிருப்போம்? எப்போதோ மூட்டையைக் கட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போயிருப்போம். பட்டறையை எட்டிக்கூடப் பார்க்காத ஒருவன் ஏசி அறையில் உட்கார்ந்து எங்களை ஒன்றும் தெரியாத ஜென்மங்கள் என்று எழுதி, அதைக் காட்டிப் பணம் வாங்கியிருக்கிறான். அதை நான் வேறு என் வாயால் சொல்ல வேண்டுமாம்.

"யாரு எழுதுனது அத?" என்று கத்தினேன். பின்பக்கம் போய், மலர்கொடி கொட்டியிருந்ததில் ஒரு பக்கெட் வாரிக்கொண்டு வந்து அந்த அம்மாவின் காலடியில் கவிழ்த்தேன். "இதுதாங்க எங்க வெங்காயம். உங்க பொட்டி பண்ணுன வேல இது. உள்ள அடுக்கியிருக்குறது நேத்து சாயங்காலம் திருச்சியிலேருந்து வந்தது."

பட்டறை, வலை, சாக்கு, மலர்கொடியின் பன்னிரண்டு மூட்டை, எல்லாவற்றையும் சொன்னேன். ஆர்த்தி ஒன்றுவிடாமல் சொன்னாள் என்றுதான் நினைக்கிறேன். அந்த அம்மா மூக்கைப் பொத்தவில்லை. குனிந்து ஒரு அழுகலை எடுத்துப் பார்த்தார், நோட்டில் எழுதினார், என் நாறிய கையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தப் பயணத்துலயே நீங்க சொன்னதுதான் ரொம்ப முக்கியம்னு சொல்றாங்க," என்றாள் ஆர்த்தி.

நான் கையெழுத்துப் போடவில்லை. மலர்கொடி என்னைத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட்டாள். இருக்கட்டும், உண்மை தெரிந்துவிட்டது, அவர்களே விதை கொடுப்பார்கள், வலையை மாற்றுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எட்டாம் நாள் ராஜதுரை சார் வந்தார். கோபமாக வந்திருந்தால் சமாளித்திருப்பேன். மனுஷன் கையில் ஸ்வீட் பெட்டியோடு வந்தார்.

"எல்லாம் உங்களாலதாம்மா! மேடத்தோட அறிக்கை வந்துருச்சு. உங்க பேரே போட்டிருக்காங்க. பெட்டியில குறை இல்லியாம். வெங்காயந்தான் சைஸ் பத்தலியாம். புவனேஸ்வரி சுட்டிக்காட்டியபடி, விவசாயிங்கள பெரிய வெங்காயத்துக்கு மாத்தணும்னு சிபாரிசு. இன்னும் முப்பது பெட்டி வருது. தா.பழூருக்கே மூணு."

"அது நெல்லு வெளையிற ஊரு சார்."

"பாத்துக்கலாம்மா." வண்டிச் சத்தம் கேட்டு வந்து நின்ற மலர்கொடியின் கையில் அவர் ஒரு பாக்கெட்டைக் கொடுத்தார். "இது உங்க நஷ்டத்துக்கு."

அவள் பிரித்து உள்ளங்கையில் கொட்டினாள். எள் மாதிரி கறுப்பாக, பெல்லாரி விதை. சின்ன வெங்காயத்தை விரலால் ஊன்றி ஊன்றியே வளர்ந்தவள், அதை உற்றுப் பார்த்தாள்.

"இத நாத்து வுடணுமா சார்? எத்தினி நாளாவும்?"

"நாப்பது, நாப்பத்தஞ்சு நாளுதான்."

நடவுக்கு இரண்டு நாள் இருந்தது. அவர் ஸ்வீட்டை வைத்துவிட்டு வண்டியேறிப் போனார். மலர்கொடி விதையை ஒன்றுகூடச் சிந்தாமல் பாக்கெட்டுக்குள் திருப்பிப் போட்டாள். என்னை நாலு வார்த்தை திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"கடன ஒடன வாங்கி ரெண்டு மூட்டையாவது ஊனுறேன் அண்ணி," என்றாள். "அதுல வர்ற வெதைய நம்ம பட்டறையிலயே வச்சிக்கிறேன். அந்தக் குச்சி, படலெல்லாம் எங்க போட்டு வச்சிருக்கீங்க?"

பெட்டியின் திறப்பு விழா அன்று வந்தவர்கள் எல்லோருக்கும் டீ போட, அதைத்தான் அடுப்பில் வைத்து எரித்தேன்.