மொட்டைமாடியும் மூன்று மூடை மிளகாயும்

முதுகுளத்தூரில் பூமியைக் காப்பாற்றும் பொறுப்பு அறிவியல் வாத்தியார் காளீஸ்வரனிடம் இருந்தது. யாரும் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார். மொட்டைமாடி முழுக்க சோலார் தகடு போட்டுவிட்டு, கல்யாண வீடு, எழவு வீடு என்று பார்க்காமல் செல்போனை நீட்டி, இன்றைக்கு எத்தனை யூனிட் என்று காட்டிக்கொண்டிருந்தார். அவர் தலை தெரிந்தாலே உறவுக்காரர்கள் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள்.

ஒன்றை மட்டும் மறந்திருந்தார். மாசி மாதம் அந்த மாடியில்தான் மனைவி கனகலட்சுமி மிளகாய்ப்பழம் காயப்போடுவாள். இருபத்திரண்டு வருஷம் அதற்குக் கீழே தும்மிக்கொண்டே குடித்தனம் நடத்தியவருக்கு அது எப்படி மறந்தது என்று அவருக்கே விளங்கவில்லை.

அவள் அய்யா எழுதிக்கொடுத்த அரை ஏக்கர் கரிசலில், அவளே நின்று விளைவித்த பழம் மூன்று மூடை வாசலில் வந்து இறங்கியது. நாலு நாளில் காயத் தொடங்காவிட்டால் வெளுத்துச் சண்டாகிவிடும். சண்டு வற்றலை எந்த வியாபாரியும் கையால் தொடமாட்டான்.

“எங்கனங்க விரிக்க?”

“ரோட்டுல...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். ரோட்டில் மிளகாய் காயப்போடுவது சுகாதாரக் கேடு என்று போன மாதம் மனுக் கொடுத்ததே அவர்தான். ரோட்டோரம் நிற்கும் எச்சரிக்கைப் பலகையும் அவர் கைப்பட எழுதியது.

தகடுகளுக்கு இடையில் விரித்தார்கள். அங்கே பூராவும் நிழல். இரண்டாம் நாளே அடியில் ஈரம் கசகசத்தது. காளீஸ்வரன் அசரவில்லை. ராமநாதபுரம் போய் மின்சார உலர்த்தும் பெட்டி ஒன்றை வாங்கி வந்தார். ஒரு தடவைக்கு ஐந்து கிலோ கொள்ளும். இந்தக் கணக்கில் மூன்று மூடையும் காய்வதற்குள் சித்திரை பிறந்துவிடும். அதற்குள் வீடு முழுக்கக் கார நெடி.

“இது மாசில்லாத முறை கனகு,” என்றார் இருமலுக்கு நடுவே. “வெயிலு தகடுல விழுது. தகடு கரண்டாக்குது. கரண்டு சூடாகுது. அந்தச் சூட்டுலதான் மொளகா காயுது.”

கனகலட்சுமி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

“போன வருசமும் வெயில்லதான காஞ்சுச்சு. இப்பவும் வெயில்லதான் காயுதுங்கிறீக. நடுவுல நீங்க எதுக்கு?”

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. அதற்குள் வெளுத்துவிட்ட அரை மூடையைத் தனியாகப் பொறுக்கிக் கட்டிக்கொண்டே கேட்டாள். அவருக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. ஆறு மாதம் வெயிலில் நின்றவளுக்கு வெயிலைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறார்.

மறுநாள் காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டு, மூடைகளைப் பேட்டரி ஸ்கூட்டரில் ஏற்றி, தன்னுடைய பலகைக்குக் கீழேயே ரோட்டில் விரித்தார். ஆடு விரட்டக் கம்போடு உட்கார்ந்தார். ஒன்பது மணி பஸ் வேகம் குறைத்து ஒதுங்கியது. ஜன்னலோரம் தலைமையாசிரியை சத்யப்பிரியா. அவர் பலகையைப் பார்த்தார், காளீஸ்வரனைப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மத்தியானம் கனகலட்சுமி சோறு கொண்டுவந்த நேரம், சோலார் கணக்குச் சொல்லச் செல்போன் ஒலித்தது. பழக்க தோஷத்தில் வாசித்துக் காட்டினார்.

“இன்னைக்கு மட்டும் நாலு மரம் நட்டதுக்குச் சமமாம், கனகு.”

“அப்ப அதுல ஒண்ணோட நெழல்ல போயி உக்காருங்க. உச்சி காயுதுல்ல.”

காளீஸ்வரன் சுற்றிலும் பார்த்தார். பிறகு துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, குனிந்து மிளகாயைத் திருப்பிவிட ஆரம்பித்தார்.