தலைமாட்டுச் சுவர்

கட்டிலை நகர்த்தினால்தான் வருகிறவர்கள் சுற்றி நிற்க முடியும். மூத்தவள் தலைமாட்டைப் பிடித்தாள், தம்பி கால்மாட்டைப் பிடித்தான். கட்டிலில் அப்பா இருந்தார். விடியற்காலையில் மூச்சு நின்று நாலு மணி நேரம் ஆகியிருந்தது.

"மெதுவா அக்கா, மெதுவா," என்றான் தம்பி, தூங்குகிறவரை எழுப்பிவிடப் போகிறோம் என்பதுபோல.

கட்டில் சுவரை விட்டு விலகியதும் தலையணை உயரத்தில் ஒரு கறை தெரிந்தது. சாப்பாட்டுத் தட்டு அகலம், வெளிறிய தேநீர் நிறம். நடுவில் லேசாக உப்பியிருந்தது.

"குழாய் ஏதாவது ஒழுகுதா?"

மூத்தவள் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். ஈரம் இல்லை. சூடாக இருந்தது. காலையிலிருந்து அப்பாவின் குளிர்ந்த கையையே பிடித்துக்கொண்டிருந்தவளுக்கு அந்தச் சூட்டில் தூக்கிவாரிப் போட்டது. சூடு மட்டுமில்லை, சுவர் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது.

"தொடாதேடா."

சொல்லி முடிப்பதற்குள் தம்பி கட்டைவிரலால் அழுத்திவிட்டான். எதையும் ஒரு முறை அழுத்திப் பார்க்காவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. அங்கே சுவரே இல்லை. பெயிண்ட் மட்டும்தான் தோலாக நின்றிருந்தது. விரல் உள்ளே போனது. "ஆ" என்று இழுத்துக்கொண்டான். அந்தப் பொத்தலில் ஒரு மஞ்சள் தலை எட்டிப் பார்த்தது. குளவி அவசரப்படாமல் வெளியே வந்து, சுவரில் இறங்கி, பறந்து அப்பாவின் தலையணையில் உட்கார்ந்தது. பின்னாலேயே இரண்டாவது வந்தது.

தம்பி துண்டை ஓங்கினான். மூத்தவள் அவன் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். மூலை நாற்காலியில் இருந்த அம்மா ஒன்றும் கேட்காமல் எழுந்து, அவர்களுக்கு முன்பே வாசலைத் தாண்டியிருந்தாள். கதவைச் சாத்தி, ஈரத்துண்டைச் சுருட்டி அடியில் திணித்த பிறகுதான் மூத்தவளுக்கு உறைத்தது: அப்பாவை உள்ளே விட்டுவிட்டு வந்துவிட்டோம்.

கூடத்தில் சித்தி வந்திருந்தாள். அம்மாவின் தங்கை. துக்க வீட்டுக்கு வந்தால் அழுவதற்கு முன்பே விசாரணையை ஆரம்பித்துவிடுகிற பிறவி.

"கடைசியா என்ன பேசினாரு?"

"ஒண்ணும் பேசல சித்தி. தூக்கத்துலயே அமைதியா போயிட்டாரு."

காலையிலிருந்து இதைச் சொல்வது எத்தனையாவது தடவை என்று தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் வாய் தானாகச் சொன்னது.

பூச்சி மருந்து அடிக்கிறவர் போன் செய்த அரை மணியில் வந்தார். அறுபதை நெருங்கிய மனிதர். முதலில் தம்பியின் விரலைப் பிடித்துப் பார்த்தார்.

"மூச்சு முட்டுதா? உதடு, நாக்கு ஏதாவது தடிக்குதா?"

"இல்ல, எரியுது."

"ஐஸ் வைங்க. மூச்சு வாங்க ஆரம்பிச்சா எனக்காகக் காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிடணும். உள்ள யாராவது இருக்காங்களா?"

"அப்பா மட்டும்தான்," என்றான் தம்பி.

"அவரையும் வெளிய கூட்டிட்டு வந்துடுங்க."

 மூத்தவள் கதவையே பார்த்தாள். சித்திதான் கடைசியில், "அவரு காலைல தவறிட்டாருங்க," என்றாள்.

வந்தவர் தொப்பியைக் கழற்றினார். "மூடியிருக்கீங்களா?"

"மார்பு வரைக்கும்."

"முகத்தையும் நான் மூடிடறேன்," என்று சொல்லிவிட்டு வெளிச்சுவரைப் பார்க்கப் போனார். மூத்தவளும் தம்பியும் பின்னால் போனார்கள். அது வெளியே செங்கல், உள்ளே மெல்லிய பலகை, நடுவில் ஒரு சாண் வெற்றிடம் விட்ட சுவர். செங்கல் இடுக்கில் புது சிமெண்ட் வெள்ளையாகத் தெரிந்தது.

"இது யாரு பூசினது?"

"நான்தான். வெள்ளிக்கிழமை," என்றான் தம்பி. "இது வழியா குளவி போய் வந்துக்கிட்டு இருந்துச்சு. படுக்கையில கிடக்கிற மனுஷனைக் கொட்டிடக் கூடாதேன்னு."

"எல்லாரும் செய்யிற தப்புதான். கூட்டை உயிரோட வச்சுக்கிட்டு வாசலை அடைக்கக் கூடாது தம்பி. வெளிய போக முடியலைன்னா பலகையைத் தின்னுக்கிட்டு வீட்டுப் பக்கமா வழி போடும்." கையுறையை மாட்டிக்கொண்டார். "இந்த வேலையை அந்தி சாஞ்சப்புறம் செய்யணும், எல்லாம் கூட்டுக்குள்ள அடங்கியிருக்கும். இன்னைக்கு நேரம் பார்க்க முடியாது. நான் சொல்ற வரைக்கும் யாரும் கதவைத் திறக்காதீங்க."

முகத்துக்கு வலை போட்ட உடையில் அவர் அறைக்குள் போவதைக் கூடத்திலிருந்து பார்த்தார்கள். கதவு சாத்திக்கொண்டது.

"கேக்குதா அக்கா? ஙொய்ங்குன்னு."

மூத்தவளுக்குக் கேட்கவில்லை. இருபது வருடமாக அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்ற காது அது. வீட்டில் தொலைபேசி அடித்தாலே யாராவது சொல்ல வேண்டும். அப்பா அதற்கு நேர்மாறு. லிப்ட் மெக்கானிக். மோட்டார் ஓடும்போது சுவரில் காதை வைத்து, எந்தத் தளத்தில் எந்தச் சக்கரம் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். கூட வேலை பார்த்தவர்கள் அவருக்கு வைத்த பெயரே காது.

சனிக்கிழமை காலையில் அவர்தான் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார். "சுவத்துக்குள்ள யாரோ சுரண்டுறாங்க." அவள் சிரித்துக்கொண்டே போர்வையைச் சரிசெய்தாள். ஞாயிற்றுக்கிழமை, "நேத்தைக்கு இங்க இருந்தாங்க, இன்னைக்கு இங்க வந்துட்டாங்க," என்று விரலால் அளந்து காட்டினார். அவள் சுவரில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமே இல்லை என்றாள். சாயங்காலம் அவர் கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார். "என் தலைக்கிட்ட வந்துட்டாங்கம்மா, என்னை வேற ரூமுக்குக் கொண்டுபோ" என்று அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். டாக்டருக்குப் போன் செய்து, பிதற்றுகிறார் என்றாள். ரொம்பத் தவித்தால் தூக்க மருந்தைப் பத்துச் சொட்டாகக் கூட்டலாம் என்றார் டாக்டர். அவள் தண்ணீரில் கலந்து கொடுத்தாள். அவர் வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டார். குழந்தைக்குக் கொடுப்பதுபோல நயமாகப் பேசி, தாடையைப் பிடித்துப் புகட்டினாள். திங்கள் முழுவதும் அவர் பேசவில்லை. செவ்வாய் விடியவில்லை.

எப்படியும் நாள் எண்ணிக்கொண்டிருந்தவர்தான். அது அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன? கேட்டது ஒரு அறை மாற்றம். அதைக்கூடச் செய்யவில்லை.

கதவு திறந்தது. மருந்து அடிக்கிறவர் வலையைத் தூக்கிக்கொண்டு வியர்வையைத் துடைத்தார்.

"உள்ள பொத்தலை ஒட்டிட்டேன். இனி வெளிய சிமெண்டை உடைச்சு அது வழியா பவுடர் ஊதணும். ஒரு மணி நேரம் கழிச்சு நீங்க உள்ள போகலாம். அந்த ஓட்டையை மறுபடி அடைச்சுடாதீங்க, ரெண்டு நாள் போகட்டும்." போக எத்தனித்தவர் நின்றார். "பெரிய கூடும்மா. அந்தத் தலைமாட்டுல படுத்திருந்தவருக்கு நல்லாவே கேட்டிருக்கும். சொல்லலையா?"

சித்தி மூத்தவளைப் பார்த்தாள். தம்பியும் பார்த்தான்.

"சொன்னாரு," என்றாள் மூத்தவள்.  "ரெண்டு நாளும் சொன்னாரு. நான்தான் நம்பல. புத்தி பேதலிச்சுடுச்சுன்னு மருந்தைக் கூட்டிக் குடுத்தேன். வேண்டாம்னாரு, வாயைத் திறந்து ஊத்தினேன். அமைதியாப் போகல சித்தி. அவரை நான் வாயடைச்சுதான் அனுப்பி வச்சேன்."

அடக்கி வைத்திருந்த அழுகை எல்லாம் பொத்துக்கொண்டு வந்தது. தம்பி விரலில் ஐஸை வைத்தபடி நின்றான். அந்த சிமெண்டைக் குழைத்த கை.

"எனக்கும் கேட்டுச்சு," என்றாள் அம்மா.

காலையிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அது. எல்லோரும் திரும்பினார்கள். அம்மா மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள்.

"சனிக்கிழமையிலேர்ந்து கேட்டுச்சு. பக்கத்துலதானே படுத்திருந்தேன்."

"ஏம்மா சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சொன்னா எனக்கும் அந்தச் சொட்டைக் குடுத்திருப்பே."

கோபமாகச் சொல்லவில்லை. மழை வந்திருந்தால் துணியை எடுத்திருப்பேன் என்பதுபோலச் சொன்னாள். மூத்தவள் மறுத்துப் பேச வாயெடுத்தாள். கொடுத்திருக்க மாட்டேன் என்று சொல்ல அவளால் முடியவில்லை.

வெளியே சிமெண்டைக் கொத்துகிற சத்தம் ஆரம்பித்தது. அது மூத்தவளுக்கும் கேட்டது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். காலையிலிருந்து அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. ஒரு தம்ளரில் தண்ணீர் பிடித்து வந்து அம்மாவிடம் நீட்டினாள்.

அம்மா வாங்கிக்கொண்டாள். ஜன்னல் பக்கம் திரும்பி, கண்ணாடித் தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். பிறகு, மகள் எதிரிலேயே நிற்கிறாள் என்பதற்காக, ஒரு வாய் மட்டும் குடித்தாள்.