அம்மாவின் கைலிக் கரை

செவ்வாய்க்கிழமை காலையில் என் மகன் தேச்சா யாலாவிலிருந்து போன் செய்தான். தாய்லாந்தின் தெற்குக் கோடியில், அங்கேதான் அவனுக்குப் பட்டாள வேலை. கலகக்காரர்கள் சுட்டுவிடாமல் ஆசிரியைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய்ப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். போன வாரம் ரோட்டோரம் குண்டு வெடித்து முன்னால் போனவனுக்குக் கால் போய்விட்டது. தேச்சாவுக்குத் தோளில் இரண்டு தையல், காதில் இரைச்சல். ரேடியோவில் பெரிதாக ஒன்றுமில்லை என்றார்கள். ரேடியோ சொல்வதை நான் என்றைக்கு நம்பினேன்?

அவன் கவலை தையல் இல்லை. ஆஸ்பத்திரியில் சட்டையைக் கத்தரித்து எறிந்தபோது, உள்பையில் இருந்த அவன் அம்மாவின் கைலித் துண்டும் போய்விட்டது. வடகிழக்கில் எங்கள் பக்கத்தில் பட்டாளத்துக்குப் போகிற பிள்ளைக்குப் பெற்றவள் தன் கைலியின் கரையைக் கிழித்துக் கொடுப்பாள். புதுத்துணி ஆகாது. அவள் உடுத்தியதாக இருக்க வேண்டும்.

“திங்கக்கிழமை மறுபடியும் அதே ரோடுதான்பா. அது இல்லாம துப்பாக்கியப் புடிச்சா கை நடுங்குது. வேற துண்டு அனுப்பு.”

அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். பொய். அவன் அம்மா புவாலா செத்து மூன்று வருஷம். போனவள் துணியைத் தேடித் திரும்பி வரக்கூடாது என்று அவளுடைய எல்லாவற்றையும் தகனத்தன்று நானே நெருப்பில் போட்டேன். ஒன்றையாவது வைத்துக்கொள் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்.

நானும் பட்டாளத்தில் இருந்தவன். இருபத்தொரு வயதில் அமெரிக்கர்களுக்குத் துணையாக வியட்நாம் சண்டைக்கு அனுப்பினார்கள். கிளம்பும்போது என் அம்மா வேலியோரம் நின்று பல்லாலேயே கரையைக் கடித்துக் கிழித்தாள். கூட்டாளிகள் முன்னால் எனக்கு ஒரே வெட்கம். ஆனால் முகாமில் மழை கொட்டும்போது சட்டைக்குள் மூக்கை விட்டால் அவுரிச் சாயமும் அடுப்புப் புகையும் மணக்கும். எங்கள் கூடாரத்தில் பதினெட்டுப் பேர்; பதினெட்டுப் பேரிடமும் அம்மா துணி. ஒரு அமெரிக்கக்காரன் அதைப் பார்த்துச் சிரித்தான். அவன் பையில் அதிர்ஷ்டத்துக்கென்று ஒரு முயலின் கால் இருந்தது. ஊரிலிருந்து வரும் புளித்த மீன் புட்டி வழியில் உடைந்து தபால் மூட்டையே நாறும். அதிகாரி கத்துவார். நாங்கள் அந்த நாற்றம் பிடித்த கடிதங்களை முகர்ந்துகொண்டே சோறு தின்போம். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் சுகமாகத்தான் இருக்கிறது. இன்னும் ஒரு தரம் அந்தக் கூடாரத்தில் படுக்க ஆசை என்று சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

அம்மா எப்படி இருந்தாள் என்று அங்கே ஒருநாளும் யோசித்ததில்லை. அந்த ஒரு வருஷமும் எனக்கென்று ஒரு பிடி சோறு எடுத்து வைத்துவிட்டுத்தான் சாப்பிட்டாளாம். தங்கை பிறகு சொன்னாள். நான் சிரித்தேன்.

புவாலாவின் அக்கா, தன் கைலியிலேயே கிழித்து அனுப்பலாம், அவனுக்கென்ன தெரியப்போகிறது என்றாள். குண்டு வெடிக்கிற ரோட்டில் நடக்கிறவனிடம் ஏமாற்று வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். புவாலா யாருக்காவது கைலி கொடுத்திருப்பாள் என்று வீடு வீடாகக் கேட்கப் போனேன். அரிசி மில் வாசலில் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“என்னண்ணே, மூணு வருஷம் சும்மா இருந்துட்டு இப்பத்தான் பொம்பள கைலி கேக்குதா?” என்றாள் பக்கத்து வீட்டுச் சிம்லி.

காரணத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றது. சிம்லி வீட்டுக்குப் போய்ப் பழுப்புக் கட்டம் போட்ட பழைய கைலி ஒன்றைக் கொண்டுவந்தாள். தேச்சாவைப் பெற்றபின், உடம்பு தேற எங்கள் வழக்கப்படி புவாலா நெருப்பருகே படுத்திருந்தபோது உடுத்தியதாம். அடுத்த மாசம் சிம்லி தன் பிரசவத்துக்கு அதை இரவல் வாங்கியிருக்கிறாள். சுகப்பிரசவம். அதற்குப் பிறகு ஊரில் எவளுக்கு வலி கண்டாலும் இந்தக் கைலிதானாம்.

“இதுவரைக்கும் பதினோரு புள்ளைங்கண்ணே. ஆம்பளைங்ககிட்ட இதையெல்லாம் யாரு சொல்லுவா?”

முகர்ந்து பார்த்தேன். சோப்பு வாசனைதான் வந்தது. புவாலா இல்லை. ஆனாலும் என் மகனைப் பெற்ற உடம்பில் கிடந்த துணி. சிம்லி கரையைக் கிழித்துக் கையில் கொடுத்தாள்.

தபாலாபீசில் உறையில் போட்டு விலாசமும் எழுதி வாங்கிவிட்டேன். சனிக்கிழமை சேர்ந்துவிடும் என்றார் கிளார்க். உறையை நீட்டினேன். அவர் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார், நான் விடவில்லை. இது போய்ச் சேர்ந்தால் அவன் கை நடுங்காது. கை நடுங்காவிட்டால் திங்கட்கிழமை அந்த ரோட்டில் நடப்பான். சேராவிட்டால் ஒருவேளை அவனை முகாம் சமையல்கட்டில் உட்கார வைப்பார்கள். வீடு வீடாக அலைந்தபோது இந்தப் புத்தி எனக்கு வரவில்லை.

உறையைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே வந்து அவனுக்குப் போன் செய்தேன்.

“துண்டு கெடைச்சிருக்கு. தபால்ல அனுப்ப மாட்டேன். நானே வரேன்.”

“ரெண்டு நாள் ரயில்பா. உன் முட்டி என்னத்துக்கு ஆகும்?”

“என் முட்டிய நான் பாத்துக்கிறேன். உங்கம்மா துணியெல்லாம் நான் எரிச்சிட்டேன்டா. இது எங்கேருந்து வந்துச்சுன்னு நேர்ல சொல்றேன். ஞாயித்துக்கெழம ஸ்டேஷனுக்கு வா. உன் கையப் பாத்துட்டுத்தான் குடுக்கிறதா வேணாமான்னு முடிவு பண்ணுவேன்.”

“குடுக்கலன்னா?”

“உங்க கேப்டன்கிட்ட நான் பேசுறேன். கை நடுங்குறவன் பக்கத்துல நின்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.”

வண்டி காலையில் வருமா சாயங்காலம் வருமா என்று கேட்டான்.